கடலுக்குக் கோபம் கிடையாது



நாகப்பட்டினத்தில் நின்று கடலைப் பற்றிப் பேசத் துணிவு வேண்டும். கடலைப் பார்த்துப் பிறந்தவர்கள், கடலால் பிழைப்பவர்கள், கடலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கடலைக் கற்றுத்தர நான் வரவில்லை. உங்கள் தெருக்களில் நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். சுனாமி வந்துபோன நாளிலிருந்து இந்தக் கரையில் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்வி அது. "நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை. கடலுக்குக் கோபம் கிடையாது. கடலுக்குக் கருணையும் கிடையாது. காற்றுக்கு நம் பெயர் தெரியாது. நிலத்துக்கு நம் முகம் தெரியாது. நாம் வாழ்வதும் சாவதும் இயற்கைக்கு ஒரு செய்தியே இல்லை. இதுதான் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கேட்கக் கடுமையாக இருக்கிறதா? இருக்கும். இதைவிட ஆறுதலான பேச்சுகள் உண்டு. ஆனால் அந்த ஆறுதல் பேச்சுகள் நமக்குச் செய்த கெடுதலையும் சேர்த்தே இன்று பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மார்கழிப் பௌர்ணமி. பிறகு இந்த ஒவ்வொன்றிலும் மக்கள் ஒரு காரணத்தைத் தேடினார்கள். பௌர்ணமியால் வந்தது என்றார்கள். பண்டிகைக் களியாட்டத்தால் வந்தது என்றார்கள். கடலுக்கு அடியில் நடந்தது என்ன?

இந்தியாவைத் தாங்கியிருக்கிற பாறைத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. சுமத்ரா, அந்தமான் பக்கம் அது இன்னொரு தட்டின் அடியில் நுழைகிறது. நுழையும் இடத்தில் இரண்டும் சிக்கிக்கொள்கின்றன. சிக்கினாலும் நகர்வு நிற்பதில்லை. இறுக்கம் ஏறுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஏறுகிறது. வளைத்துப் பிடித்த மூங்கில் கையிலிருந்து நழுவினால் எப்படித் தெறிக்குமோ, அப்படித் தெறித்தது அன்று காலை 6.28 மணிக்கு. சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி உடைந்தது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ரிக்டர் கணக்கு என்று நாம் சொல்வதில் ஒன்பதைத் தாண்டிய நடுக்கம். கடல் தரை ஒரு பக்கம் எழுந்தது, மறுபக்கம் இறங்கியது. தரை எழுந்தால் தண்ணீர் எழத்தானே வேண்டும்? எழுந்த தண்ணீர் நான்கு திசையிலும் புறப்பட்டது.

ஆழ்கடலில் அந்த அலைக்கு ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. வேகம் மட்டும் ஆகாய விமானத்தின் வேகம். அன்று ஆழக்கடலில் நின்ற படகுகளுக்கு அடியில் அது கடந்து போனது. படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைக்குத் திரும்பியபோதுதான் தங்கள் குப்பம் இல்லை என்று கண்டார்கள். யோசித்துப் பாருங்கள். தன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொண்டுபோன அலை தன் படகுக்கு அடியில்தான் போயிருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. இந்த நினைப்போடு வாழ்கிற மனிதர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

அந்த அலை யாரைத் தேடி வந்தது? வேளாங்கண்ணியில் மாதாவைத் தொழ வந்த யாத்ரீகர்களைத் தேடியா? அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் ஞாயிற்றுக்கிழமை என்று வீட்டில் இருந்த குழந்தைகளைத் தேடியா? இலங்கையில் பெரலியா என்ற ஊர்ப்பக்கம், போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளில் ஊருக்குப் போகிறவர்கள் நிறைந்த ரயில் ஒன்றை அலை புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு ரயிலிலும் அதைச் சுற்றியும் இறந்தார்கள். அவர்களைத் தேடியா? இந்தோனேசியாவின் ஆச்சேயில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். அவர்கள் முஸ்லிம்கள். தாய்லாந்தில் பௌத்தர்கள் போனார்கள், ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் போனார்கள். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். எல்லா நாட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் பேர். எந்தப் பாவத்துக்கு இத்தனை மதத்தாரையும், இத்தனை மொழியாரையும், பால்குடி மறக்காத குழந்தைகளையும் சேர்த்துத் தண்டனை கொடுப்பார்கள்?

தண்டனை அல்ல. தேடலும் அல்ல. கடல் தரை எழுந்தது, தண்ணீர் வந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று நம்மைக் கொன்ற அதே தட்டுதான் வடக்கே ஆசியாவில் மோதி இமயமலையைத் தூக்கியது. அந்த மலை இருப்பதால்தான் வடக்கத்திக் கடுங்குளிர் நம்மிடம் வராமல் நிற்கிறது, பருவமழைக்குக் காற்று தெற்கிலிருந்து இழுக்கப்படுகிறது, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஓடுகின்றன. நம் காவிரிப் படுகையின் வண்டல் முழுக்கப் பழைய வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டியதுதான். எத்தனை குடிசைகளை அடித்துக்கொண்டு வந்த வெள்ளங்களோ! கொடுக்கும்போதும் நம்மை நினைத்துக் கொடுக்கவில்லை, எடுக்கும்போதும் நம்மை நினைத்து எடுக்கவில்லை.

ஆனால் மனித மனம் இதை ஏற்காது. பெரிய துயரம் வந்தால் பெரிய காரணம் வேண்டும் என்று கேட்கும். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல, இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. இதே கரையில் சற்று வடக்கே இருக்கிறது பூம்புகார். காவிரிப்பூம்பட்டினம் எப்படி அழிந்தது என்று மணிமேகலை சொல்கிறது. சோழன் நெடுமுடிக்கிள்ளி தன் மகனைக் காணாமல் தவித்தான். அந்தத் தவிப்பில் இந்திர விழா எடுக்க மறந்தான். மறந்ததற்காக நகரைக் கடல் கொண்டது என்கிறது காப்பியம்.

மணிமேகலையைப் பாடிய சாத்தனாரின் காப்பியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பசிப்பிணியைப் பற்றி அப்படி ஒரு நூல் நமக்குக் கிடைத்தது நம் பேறு. ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பிள்ளையைத் தொலைத்த தகப்பன் ஒருவன் ஒரு விழாவை மறந்தான். அதற்கு ஒரு நகரம் முழுதும் நீரில் போக வேண்டுமா? துயரப்பட்டவன் மேலேயே பழி! இதைக் கவனியுங்கள், ஐயா. கடலுக்கு ஒரு கோபத்தைக் கற்பித்தவுடனே, அந்தக் கோபத்துக்கு ஆளான ஒரு குற்றவாளியும் தேவைப்படுகிறான். அந்தக் குற்றவாளி எப்போதும் இழந்தவர்களிலிருந்தே எடுக்கப்படுகிறான்.

கடல் தாண்டிப் போவோம். போர்ச்சுகல் நாட்டின் தலைநகர் லிஸ்பன். 1755ஆம் ஆண்டு, நவம்பர் 1. கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பது மணி தாண்டியிருக்கிறது. ஊரே கோவிலில். பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிகின்றன. பாடல் பூசை நடக்கிறது. பூமி குலுங்குகிறது. கல்லால் கட்டிய பெரிய பெரிய கோவில்கள் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேலேயே இடிந்து விழுகின்றன. பிழைத்தவர்கள் என்ன செய்தார்கள்? கட்டடமே இல்லாத திறந்தவெளிக்கு ஓடினார்கள். ஆற்றங்கரைத் துறைமுகத்துக்கு ஓடினார்கள். சுமார் நாற்பது நிமிடம் கழித்து அந்த ஆற்று வழியே கடல் ஏறி வந்தது. இன்னும் மிச்சம் இருந்ததை நெருப்பு எடுத்துக்கொண்டது. பூசைக்கு ஏற்றிய விளக்குகளும் அடுப்புகளும் கவிழ்ந்து பற்றிய நெருப்பு பல நாள் எரிந்தது. பல்லாயிரக் கணக்கில் மக்கள் மாண்டார்கள்.

தொழுதவர்கள் மேல் கோவில் விழுந்தது. திருநாள் விளக்கே ஊரைக் கொளுத்தியது. ஓடித் தப்பியவர்களைக் கடல் கொண்டது. இதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

சொன்னார்கள். கபிரியேல் மலக்ரிதா என்ற இயேசு சபைத் துறவி அடுத்த ஆண்டே ஒரு சிறு நூல் எழுதினார். நிலநடுக்கம் இயற்கையால் வந்தது என்று சொல்லாதீர்கள், உங்கள் பாவங்களால் வந்தது என்று அதில் வாதிட்டார். மனம் திரும்புங்கள், தவம் இருங்கள், அதுதான் இப்போது செய்ய வேண்டியது என்றார்.

அந்த நாட்டு அமைச்சர் ஒருவர் இருந்தார். பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர். அவர் வேறு வேலை செய்தார். நாட்டில் இருந்த எல்லாப் பங்குகளுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பச் செய்தார். நடுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது? எத்தனை முறை வந்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? நிலம் பிளந்ததா? எத்தனை பேர் இறந்தார்கள்? கேள்விகளின் அழகைப் பாருங்கள். யார் பாவம் செய்தார்கள் என்று அதில் இல்லை. என்ன நடந்தது என்றுதான் இருக்கிறது. நிலநடுக்கத்தைப் பற்றிய அறிவியல் அந்தக் காகிதங்களிலிருந்துதான் தொடங்கியது என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அவர்களோடு சேர்வேன். லிஸ்பனை மறுபடி கட்டியபோது சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து, குலுக்கினால் உடையாமல் அசைந்து கொடுக்கிற வீடுகளைக் கட்டினார்கள். பாவத்துக்குத் தண்டனை என்று நம்பியிருந்தால் அந்த மரச்சட்டம் யாருக்குத் தோன்றியிருக்கும்?

பொம்பாலை நான் மகான் ஆக்கவில்லை. அவருடைய அதிகாரம் ஓங்கியிருந்த காலத்தில்தான் அந்த மலக்ரிதா, முதுமையில், 1761இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். நிலநடுக்கத்துக்கு மனம் இல்லை. அந்தச் சாவுக்குப் பின்னால் மனிதர்களின் மனம் இருந்தது.

பிரான்ஸின் எழுத்தாளர் வால்டேர் லிஸ்பனுக்காக ஒரு கவிதையே எழுதினார். எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை அதில் கிழித்தார். அதைப் படித்த சிந்தனையாளர் ரூசோ 1756இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஓர் இடம் எனக்கு மறப்பதே இல்லை. ஆறு மாடி ஏழு மாடி வீடுகளை ஆயிரக் கணக்கில் அங்கே நெருக்கி அடுக்கியது இயற்கை அல்லவே என்று கேட்டார் ரூசோ. இருநூற்றைம்பது ஆண்டுக்கும் முந்தைய கேள்வி. இந்தக் கேள்விக்கு நாம் திரும்ப வருவோம்.

அதற்கு முன் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டும். 1934 ஜனவரி 15, பிற்பகல். பீகாரும் நேபாளமும் குலுங்கின. பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். காந்தியடிகள் அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, பீகாரில் வந்த அழிவு தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சொன்னார். நம் தமிழ் மண்ணில் சொன்னார்.

இரவீந்திரநாத் தாகூர் கலங்கிப் போனார். காந்தியின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு ஊருக்கே தெரியும். தீண்டாமையை அவரும் வெறுத்தார். ஆனாலும் மறுப்பு எழுதினார். இயற்கையின் பேரழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்க முடியும் என்றார். தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறவர்கள் வேறு இடங்களில் சுகமாக இருக்க, பீகாரில் குழந்தைகளும் தீண்டாமைக்கு ஆளானவர்களும் எதற்காகச் சாக வேண்டும் என்று கேட்டார். இதே வாதத்தை எதிரிகளும் திருப்பிச் சொல்வார்களே, உங்கள் சீர்திருத்தத்தால்தான் பூமி குலுங்கியது என்பார்களே என்றும் எச்சரித்தார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம் ஹரிஜன் இதழிலேயே அச்சிட்டார், தம் பதிலையும் சேர்த்து. கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அச்சிட்டாரே, அந்தப் பெருந்தன்மையை வணங்குகிறேன்.

தீண்டாமை பாவம். அதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. ஆனால் அந்தப் பாவத்துக்குச் சாட்சி சொல்லப் பூகம்பத்தைக் கூப்பிடக் கூடாது. தாகூர் பக்கம்தான் நான். ஏன் என்பதற்கு நம் கரையிலேயே சான்று இருக்கிறது. சுனாமி அலை சாதி பார்க்கவில்லை. மீனவத் தெருவிலும் புகுந்தது, ஆதிதிராவிடர் தெருவிலும் புகுந்தது. அதற்குப் பிறகு திறந்த நிவாரண முகாம்களில் சில இடங்களில் என்ன நடந்தது? தலித் மக்கள் தனியே ஒதுக்கப்பட்டார்கள். பொதுத் தொட்டியில் தண்ணீர் பிடிக்க விடாமல் தடுக்கப்பட்டார்கள். நிவாரணப் பட்டியலில் விடுபட்டார்கள். இவை அன்றைக்கே பதிவான செய்திகள். சாதியை அலை கொண்டுவரவில்லை, கொண்டுபோகவும் இல்லை. அதை ஒழிக்க எந்தக் கடலும் வராது. அது நம் வேலை.

தாய்மார்களே, இப்போது உங்களிடம் பேசுகிறேன்.

உங்களில் சிலர் இன்னமும் ஒரு நினைப்பை நெஞ்சில் வைத்து அழுகிறீர்கள். "கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், விட்டுட்டேன்" என்று. கோவிலுக்குச் செலுத்தாத நேர்த்திக்கடனை நினைக்கிறீர்கள். அன்று காலை பிள்ளையை அடித்ததை நினைக்கிறீர்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள தண்ணீரின் எடை ஒரு டன். ஆயிரம் கிலோ. அப்படிப்பட்ட தண்ணீர் ஆயிரக் கணக்கில், ஓடி வந்து மோதியது. அதோடு படகும் வந்தது, மரமும் வந்தது, சுவரும் வந்தது. எந்த மனிதக் கைக்கும் அதைத் தாங்கும் வலு கிடையாது. நீங்கள் விடவில்லை, அம்மா. இழுத்துக்கொண்டு போய்விட்டது. உங்கள் நேர்த்திக்கடனுக்கும் அந்த அலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடவுளை நம்புங்கள், நம்பாமல் இருங்கள், அதைப் பேச நான் வரவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையின் சாவை உங்கள் கணக்கில் யாரும் எழுத விடாதீர்கள்.

கடல் கோபக்காரி என்று சொல்வதால் வரும் முதல் கெடுதல் இது: இழந்தவர்கள் தங்களையே நொந்து சாகிறார்கள். இரண்டாவது கெடுதல் ஒன்று உண்டு. பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். எங்கே எது நடந்தாலும் "இயற்கையின் சீற்றம்" என்று தலைப்புப் போட்டுவிட்டால், யாரையும் எதையும் கேட்க வேண்டாம் பாருங்கள்!

ரூசோவின் கேள்விக்கு வருகிறேன். 2010ஆம் ஆண்டு, ஜனவரி 12. ஹைட்டி நாட்டில் 7.0 அளவு நிலநடுக்கம். இறந்தவர்கள் குறைந்த கணக்கில்கூட ஒரு லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு பிப்ரவரி 27. சிலி நாட்டில் 8.8 அளவு நடுக்கம். வெளிப்பட்ட ஆற்றல் ஹைட்டியைப்போல ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. இறந்தவர்கள் சுமார் ஐந்நூறு பேர். சிலிக்காரர்கள் புண்ணியவான்களா? ஹைட்டிக்காரர்கள் பாவிகளா? சிலியில் நிலநடுக்கம் தாங்கும் கட்டட விதி இருந்தது, அதை மீறிக் கட்ட முடியாதபடி நடைமுறையும் இருந்தது. நடுக்கம் மக்களை விட்டுத் தள்ளி ஆழத்தில் நடந்ததும் அவர்களுக்கு உதவியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹைட்டியில் கம்பியும் சிமென்ட்டும் போதாத கட்டடங்கள் தலைநகருக்குள் நெருக்கியடித்து நின்றன. அந்த ஏழ்மைக்குப் பின்னால் நூற்றாண்டுக் கணக்கான அடிமை வரலாறு இருக்கிறது. நடுக்கம் நிலத்தினுடையது. கட்டடம் மனிதனுடையது.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மடிந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே கரைக்கு வந்தது. அதுவும் மிகக் கடுமையான புயல்தான். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடையில் காற்று மனம் மாறிவிட்டதா? வங்கக் கடலுக்கு இரக்கம் வந்துவிட்டதா? இடையில் ஒடிசாவில் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன. ஊருக்கு ஊர் ஆட்கள் பயிற்சி பெற்றார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பேரைப் புயல் வரும் முன்னே மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் கரைக்கு 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோதும் முன்கூட்டியே ஆயிரமாயிரம் பேர் முகாம்களுக்குப் போனதால் உயிர்ச்சேதம் மட்டுப்பட்டது. தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை. தென்னையோடு வாழ்க்கையும் சாய்ந்த குடும்பங்கள் வேதாரண்யம் பக்கம் எத்தனையோ. ஆனால் 1977இல் நாகையைத் தாக்கிய புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பெரியவர்கள் இங்கே நினைவில் வைத்திருப்பீர்கள். வித்தியாசம் காற்றில் இல்லை.

இப்போது அந்த 2004 காலைக்குத் திரும்புவோம். 6.28க்குக் கடலடி உடைந்தது. நம் கரைக்கு அலை வந்தபோது ஒன்பது மணியை நெருங்கிவிட்டது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல்! சென்னையில் நடுக்கத்தை உணர்ந்து மக்கள் மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்கே வந்தார்கள். ஹவாய்த் தீவில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்தில் நடுக்கத்தைக் கண்டு அறிவிப்பே அனுப்பியது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று அன்று இல்லை. யாரை எழுப்புவது, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழு மணி நேரம் கழித்து அதே அலை ஆப்பிரிக்காவின் சோமாலியாவில் போய் ஆட்களைக் கொன்றது. ஏழு மணி நேரம், ஐயா! அதற்குள் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் நம் பிணங்களைக் காட்டிவிட்டார்கள். பக்கத்து நாடான கென்யாவில் செய்தி எட்டியது, கடற்கரைகளிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள், அங்கே சாவு ஏறக்குறைய இல்லை.

அந்த இரண்டு மணி நேரம் கடல் நமக்குக் கொடுத்த சலுகை அல்ல. வெறும் தூரம். அந்தத் தூரத்தை உயிராக மாற்றுவதும் மாற்றாமல் விடுவதும் மனிதர்கள் கையில் இருந்தது.

மாற்றியவர்களும் உண்டு. புதுச்சேரிக் கரையில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். நடுக்கச் செய்தியை அங்கே அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அதில் ஒலிபெருக்கி இருந்தது, தினமும் கடல் நிலவரம் சொல்வதற்காக. அதில் கத்தினார்கள். ஊர் வெளியேறியது. வீடும் படகும் போயின. ஊர் உயிர் பிழைத்தது. ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, சொன்ன பேச்சைக் கேட்டு ஓடிய மக்கள்.

இந்தோனேசியாவில் சிமெலு என்று ஒரு தீவு. நடுக்கம் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இரண்டு மணி நேரம் எல்லாம் கிடையாது. சில நிமிடங்கள்தான். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். இறந்தவர்கள் ஏழே பேர். எச்சரிக்கை மையம் இருந்ததா? இல்லை. சங்கு ஊதியதா? இல்லை. 1907இல் அந்தத் தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். பெரிய நடுக்கம் வந்தால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு. அந்த அலைக்கு அவர்கள் மொழியில் ஸ்மோங் என்று பெயர். அன்று காலை நிலம் நடுங்கியவுடன் "ஸ்மோங், ஸ்மோங்" என்று கத்திக்கொண்டு கிழவிகள் முதல் குழந்தைகள் வரை ஓடினார்கள். தொண்ணூற்றேழு ஆண்டுக்கு முன் இறந்தவர்களின் கதை அவர்களைக் காப்பாற்றியது.

அந்தக் கதையில் கடல் கோபித்ததாக இருந்தால் அவர்கள் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். கதை அவர்களை ஓடச் சொன்னது.

ஒரு விவரத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று நினைக்காதீர்கள். 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் வந்தது ஏறுகிற அலை. கடல் தரை எந்தப் பக்கம் எழுந்தது, எந்தப் பக்கம் இறங்கியது என்பதைப் பொறுத்தது அது. எனவே உள்வாங்கட்டும், பார்த்துவிட்டு ஓடலாம் என்று நிற்காதீர்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி உங்களைக் கைதட்ட வைக்க எனக்கு விருப்பம் இல்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. நல்ல மையம். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவானபோது நடந்ததை மறக்கலாமா? செயற்கைக்கோள் வானத்திலிருந்து புயலைப் பார்த்தது. கரைக்குச் செய்தி வந்தது. நாள் கணக்கில் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி போகவில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனை வீடுகளில் ஆண்கள் திரும்பவே இல்லை! செய்தி வானத்துக்கும் கரைக்கும் இடையில் வந்தது, கரைக்கும் படகுக்கும் இடையில் அறுந்தது. இதைச் சீற்றம் என்று எழுதலாமா?

சுனாமியில் நம் கரையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். அலைக்கு ஆண் பெண் தெரியுமா? தெரியாது. ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள், பெண்கள் மீன் எடுக்கக் கரையில் காத்திருந்தார்கள். அது ஒரு காரணம். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. அது ஒரு காரணம். சேலை காலைச் சுற்றியது. இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு நெஞ்சு வலிக்கிறது. கடற்கரையில் பிறந்த ஆண்பிள்ளை நடக்கும்போதே நீந்துகிறான். அதே வீட்டில் பிறந்த பெண்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. நாம் சொல்லித்தரவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு என்றோம். அந்த அலையைத் தாண்டி நீந்தியிருக்க முடியுமா என்று கேட்கலாம். எல்லோராலும் முடியாது. சில பேராலாவது ஒரு மரத்தை, ஒரு பலகையை எட்டியிருக்க முடியும்.

ஆகவே இந்த அவையிடம் சில வேண்டுகோள்களை வைத்துவிட்டு அமர்கிறேன். ஊர்ப் பஞ்சாயத்தார்களே, உங்கள் ஊர்ச் சங்கு வேலை செய்கிறதா என்று இந்த வாரமே ஊதிப் பாருங்கள். பழுதாகி இருந்தால் மனு எழுதுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். விசைப்படகு உரிமையாளர்களே, கரையோடு பேச ஒரு கருவி இல்லாமல் எந்தப் படகையும் ஆழ்கடலுக்கு அனுப்பாதீர்கள். ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை வகுப்பிலிருந்து மேட்டுக்கு ஓட்டிப் பழக்குங்கள். பெற்றோர்களே, பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், அடுத்த கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள். மாணவச் செல்வங்களே, 2004க்குப் பிறகு பிறந்தவர்கள் நீங்கள். உங்கள் வீட்டில் அந்த நாளைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தெருவரை தண்ணீர் வந்தது, எந்த வழியாக ஓடிப் பிழைத்தார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். உங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள்.